லாபிரிந்த் பாதையில் நடப்பது தியானம் ஆகுமா?

கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் அடங்குவதே இல்லை என்றும், லாபிரிந்த் எனப்படும் சுருள்பாதையில் நடப்பதைத் தியானம் என்கிறார்களே, அது உண்மையிலேயே உதவுமா, எப்படி நடக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் இதே நிலையில் தவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உதவும். என் அனுபவத்தில் அதற்கு முதன்மையான காரணம் ஒன்றுதான். அந்தப் பாதையில் கால் வைத்த பிறகு நாம் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

பலர் இதைப் புதிர்ப்பாதையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். புதிர்ப்பாதையில் வழி பல கிளைகளாகப் பிரியும், முட்டுச்சந்துகள் இருக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் இடமா வலமா என்று மூளை கணக்குப் போட்டபடியே இருக்கும். லாபிரிந்தில் வழி ஒன்றே ஒன்று. எத்தனை முறை வளைந்தாலும் அது நடுவில் கொண்டுபோய்விடும். வந்த வழியே திரும்பினால் வாசலுக்கு வந்துவிடலாம். தொலைந்துபோக வாய்ப்பே இல்லை என்பது உறுதியானதும், நாள் முழுவதும் எதையாவது தேர்ந்தெடுத்தபடியே இருக்கும் மனத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. உட்கார்ந்திருக்கும்போது நமக்குக் கிடைக்காத அந்த ஓய்வு, கால்கள் நடந்துகொண்டிருக்கும்போது கிடைக்கிறது.

இவ்வகைப் பாதைகளில் மிகவும் புகழ்பெற்றது பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரையில் பதிக்கப்பட்டது. ஏறத்தாழ 13 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் 11 சுற்றுகளாக 260 மீட்டருக்கும் அதிகமான பாதையை மடித்து வைத்திருக்கிறார்கள். நேராக நடந்தால் ஏழெட்டுக் காலடிகளில் எட்டிவிடக்கூடிய நடுவை அடைய அவ்வளவு தொலைவு நடக்க வேண்டும். ஆனால் தியானப் பயிற்சியாக இது இன்று பரவியிருப்பது அண்மைக்காலத்தில்தான். அமெரிக்கப் பாதிரியாரான லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பெண்மணி 1991இல் ஷார்த்ர் பாதையில் நடந்துவிட்டு வந்து, அதன் வடிவத்தைக் கித்தானில் வரைந்து சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் விரித்தார். பிற இடங்களுக்குப் பரவ அது பெரிதும் காரணமாயிற்று. அதற்கு முந்தைய காலத்தில் எல்லாரும் இதில் மௌனமாகத்தான் நடந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பிரான்சிலேயே உள்ள ஓசேர் பேராலயத்தில் ஈஸ்டர் நாளன்று குருமார்கள் லாபிரிந்தின் மீது பந்தெறிந்து ஆடிப்பாடிக் கொண்டாடியிருக்கிறார்கள். 1538இல்தான் அது நிறுத்தப்பட்டது. இதை அறிந்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் நடக்கும்போது முகத்தை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை என்று அப்போது தெளிந்தது.

ஷார்த்ர் வடிவத்தின் ஒரு பிரதியில் நான் முதன்முறை நடந்தபோது, உள்ளே நுழைந்த சிறிது நேரத்திலேயே பாதை என்னை நடுவட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது. இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். அடுத்த சில திருப்பங்களில் அது என்னை வெளிநோக்கித் தள்ளியது. அதன்பின் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் தவறினேன். ஏறக்குறைய முடியும் தறுவாயில் மிக வெளிச் சுற்றில் நடந்துகொண்டிருந்தேன். நடுவிலிருந்து இதைவிட விலகி இருக்க முடியாது என்று சோர்ந்த அந்த இடத்திலிருந்து சில திருப்பங்களே பாக்கி. ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வருவோரும் இருப்பார்கள். முன்னால் ஒரு மூதாட்டி வந்தார். ஓர் அடியைவிடச் சற்றே அகலமான பாதையில் இருவரும் தோளைத் திருப்பி ஒதுங்கியபோது அவருடைய புடவைத் தலைப்பு என் கையை உரசிச் சென்றது. அந்த நொடியில்தான் என் கணக்கு நின்றது. மீதித் தூரம் முழுவதும் பாதம் தரையில் பதிவதும், திருப்பங்களில் குதிகால் மெல்லச் சுழல்வதும் மட்டுமே நினைவில் இருக்கின்றன.

நடக்கும் முறை எளியது. வாசலில் ஒரு கணம் நின்று இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். வேகத்தை உடலிடம் விட்டுவிடுங்கள்; மிக மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று வலிந்து முயன்றால் தடுமாற்றமே மிஞ்சும். தலைசுற்றல் உள்ளவர்கள் 180 பாகைத் திருப்பங்களில் நின்று நிதானித்துத் திரும்புவது அவசியம். உள்ளே போகும்போது சுமையை இறக்குதல், நடுவில் ஏற்றுக்கொள்ளுதல், திரும்பும்போது அதை வாழ்க்கைக்கு எடுத்துச்செல்லுதல் என்று மூன்று கட்டங்களாக இதைக் கற்பிப்பதுண்டு. தொடக்கத்தில் அது துணையாக இருக்கும். ஆனால் நடுவில் ஏதோ ஒன்று கிடைத்தே ஆக வேண்டும் என்று காத்திருந்தால் அந்த எதிர்பார்ப்பே புதிய சுமையாகிவிடும் என்பதால், நான் அதை இப்போது பின்பற்றுவதில்லை. பலர் நடுவை அடைந்ததும் கோடுகளைத் தாண்டி நேராக வெளியேறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எனக்கு மனம் உண்மையாகவே அடங்குவது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான், அடைய வேண்டியது எதுவும் முன்னால் இல்லாதபோது.

அருகில் இப்படியொரு பாதை இல்லையென்றால் தாளிலேயே தொடங்கலாம். ஏழு சுற்றுள்ள பழைய வடிவம் இன்னும் எளிது: வெளிச் சுற்றை ஒன்று என எண்ணினால், பாதை வாசலிலிருந்து மூன்றாம் சுற்றில் நுழைந்து, இரண்டு, ஒன்று என வெளியே போய், பிறகு நான்கு, ஏழு, ஆறு, ஐந்து என்ற வரிசையில் சுற்றி நடுவை அடையும். இதை விரலால் தடவியும் செய்யலாம். இத்தாலியின் லூக்கா பேராலய முகப்புத் தூணில் விரலால் தொட்டுப் பின்தொடரும் அளவிலேயே ஒரு லாபிரிந்த் செதுக்கப்பட்டிருக்கிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கை விரலால் தடவினால் வேகம் தானாகக் குறையும். நடுவைத் தொட்டதும் விரலை எடுத்துவிடாமல், வந்த வழியே மெதுவாக வாசல்வரை கொண்டுவாருங்கள்.