மழைநீர்த் தொட்டியிலிருந்து தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்ச முடியுமா?

சென்னை வீட்டில் தரைமேல் 5,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி இருக்கிறது, டைமர் வைத்து 60 செடிகளுக்குச் சொட்டுநீர் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். முதலில் கணக்கைப் பாருங்கள். செடிக்கு 2 லிட்டர் என்றால் நாளுக்கு 120 லிட்டர். நிறைந்த தொட்டி 40 நாள் தாங்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியில் ஓய்ந்தால் பிப்ரவரியில் தொட்டி காலி. அதனால் கோடைக்குக் கிணறோ போரோ சேர்த்தே திட்டமிடுங்கள்.

பலரும் சறுக்குவது டைமர் சொல்லும் நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வில்தான். தோட்டத்துக்கென்று கடையில் கிடைக்கும் சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) பெரும்பாலும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்தே திறக்கும் வகை. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தருவது வெறும் 0.1 பார். அதற்கு அது சரியாகத் திறக்காது. டைமர் வேலை செய்யும், செடி வாடும். மோட்டாரால் திரும்பும் பால் வால்வு (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும்) வாங்குங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் முழுதாகத் திறக்கும். சின்ன பம்ப் வைப்பதானால், தொட்டி வற்றியதும் அதை நிறுத்த மிதவை சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் வடிகட்டி. மாடி மண்ணும் பாசியும் சொட்டுவிடும் முனையான டிரிப்பரைச் சீக்கிரமே அடைத்துவிடும். வால்வுக்கு முன்னால் 120 மெஷ் வடிகட்டி போடுங்கள். குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே எடுத்தால் வண்டல் கீழேயே தங்கிவிடும்.