சிறுநீர் பால் போல வெள்ளையாகப் போகிறது, ஸ்கேன் நார்மல் என்கிறார்கள். இது என்ன நோய், குணமாகுமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வயது 58. சில மாதங்களாகச் சிறுநீர் பால் போல வெள்ளையாகப் போகிறது. எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது என்று மட்டும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆள் மெலிந்துகொண்டே போகிறார். "ஏதோ அபூர்வமான வியாதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்ல. வேலூரில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கைலூரியா, அதாவது கொழுப்பு கலந்த நிணநீர் (லிம்ப் என்று சொல்லும் உடல் திரவம்) சிறுநீரில் கலந்து வெளியேறும் நோய். அதுதானா என்று உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனால் அதற்கான முதல் சோதனை ஒரு சிறிய ஆய்வகத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுத்து, மாதக்கணக்கில் ஒரு குடும்பத்தை அலைக்கழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாம் சாப்பிடும் நெய், எண்ணெய் எல்லாம் குடலில் செரித்த பிறகு நேரடியாக இரத்தத்தில் சேர்வதில்லை. குடலிலுள்ள நிணநீர் நாளங்கள் அந்தக் கொழுப்பை எடுத்துக்கொண்டு, முதுகெலும்பை ஒட்டி மேலே கொண்டுபோய், கழுத்தின் அடியில் இரத்தக் குழாயில் சேர்க்கின்றன. கொழுப்பு கலந்த அந்த நிணநீரின் நிறமே வெள்ளைதான். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு இந்த நிணநீர் மண்டலத்தில்தான் குடியிருக்கிறது. அது இருந்த நாளங்கள் விரிந்து, அவற்றின் வால்வுகள் கெட்டு, ஓட்டம் தடைபடுகிறது. மதகு அடைத்துக்கொண்ட ஏரியில் தண்ணீர் கரையின் பலவீனமான இடத்தைப் பார்த்துக் கசிவதைப் போல, தேங்கிய நிணநீர் சிறுநீரகத்துக்குள் கசிந்துவிடுகிறது. கசியும் வழி மிக நுண்ணியது. சிறுநீரகத்தின் அளவோ வடிவமோ மாறுவதில்லை. சாதாரண அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

"அப்பாவுக்குக் கால் வீக்கமே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். கைலூரியா வருகிறவர்களில் பலருக்குக் கால் வீங்குவதே இல்லை. புழு உடலில் புகுந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் சிறுநீர் வெளுக்கும். நம் வட ஆற்காடு யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த பகுதி. வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் வீடு வீடாக வந்து யானைக்கால் புழுவுக்கான டிஇசி மாத்திரை கொடுத்த பிறகு அந்தக் காட்சி குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கொசுக்கடி வாங்கியவர்கள் இப்போது உங்கள் அப்பாவின் வயதில் இருக்கிறார்கள். நோய் அரிதாகிவிட்டதால் இளம் மருத்துவர்களின் நினைவில் அது முன்னால் வந்து நிற்பதில்லை. இத்தனைக்கும் இந்தப் புழுவின் குஞ்சுகளை 1866இல் பிரேசில் நாட்டின் பாஹியாவில் வுச்செரர் கண்டுபிடித்தது ஒரு நோயாளியின் சிறுநீரில்தான். இரத்தத்தில் அவை இருப்பதை லூயிஸ் கல்கத்தாவில் கண்டது அதற்குப் பிறகு, 1872இல். வுச்செரேரியா என்ற புழுவின் அறிவியல் பெயரில் வுச்செரர் இன்றும் இருக்கிறார்.

நோய் தாமதமாகத் தெரியவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறுநீர் வெள்ளையாகப் போனால் ஆண்கள் அதைத் தாது போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து, லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரிடம் லேகியத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். உடம்பு தேற வேண்டும் என்று நெய்யும் பாலும் பாதாமுமாகச் சாப்பிடுகிறார்கள். கொழுப்பு கூடக்கூடச் சிறுநீர் இன்னும் வெளுக்கிறது. உடனே பயம் இரட்டிப்பாகிறது. பெண்களுக்கு வந்தால் அதை வெள்ளைப்படுதல் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் அப்பா உங்களிடம் வாய் திறந்து சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். இதற்கும் தாதுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மருந்து பிறகு வரட்டும், முதலில் அந்தப் பாரம் இறங்கட்டும்.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவரை என்னால் மறக்க முடியாது. தனியார் மருத்துவமனை ஒன்றில் சிறுநீரில் புரதம் நான்கு பிளஸ், அதாவது மிக அதிகம், என்று பார்த்ததும் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுது என்று முடிவு செய்து ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருந்தார்கள். மாத்திரை தின்றும் பயனில்லை என்று மகளோடு வேலூருக்கு வந்திருந்தார். அவர் கொடுத்த காலைச் சிறுநீர் லேசாகத்தான் கலங்கியிருந்தது. "ஐயா, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். "பயத்தில் இரண்டு நாளாகக் கஞ்சிதான் தம்பி" என்றார். எங்கள் மருத்துவரிடம் சொன்னேன். மதியம் எண்ணெய்ப் பண்டத்தோடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி சிறுநீர் கொடுக்கச் சொன்னார். மாலையில் வந்த பாட்டிலைப் பார்த்தால் சுத்த வெள்ளை. குழாயில் ஊற்றித் தாங்கியில் வைத்தேன். நேரம் போகப் போக மேலே ஆடை போலக் கொழுப்பு படிந்தது, நடுவில் வழவழவென்று ஒரு கட்டி மிதந்தது, அடியில் செல்கள் தங்கின. இன்னொரு குழாயில் அதே சிறுநீரோடு, கொழுப்பைக் கரைக்கும் திரவமான ஈதரைச் சம அளவு விட்டுக் குலுக்கினேன். கொழுப்பெல்லாம் ஈதரில் ஏறிக்கொள்ள, கீழே சிறுநீர் தெளிந்து நின்றது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது அந்தப் பெண், "அப்போ கிட்னி கரைந்து போகவில்லையா?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். அவ்வளவு நாளும் அவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வெறும் வயிற்றில் எடுத்த சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். இந்த வெள்ளை விட்டுவிட்டு வரும், ஒரு வேளை தெளிவாகவும் இருக்கும். எப்போது வெளுக்கிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளையாகப் போகும் வேளையில் எடுத்ததையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், இதில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈதர் இல்லை என்றால் சிறுநீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை அளவிடச் சொல்லலாம். இரத்தத்தில் அதை அளக்கும் வசதி பெரும்பாலான ஆய்வகங்களில் உண்டு. ஈதர் சட்டென்று தீப்பற்றும், வீட்டில் முயலவே கூடாது.

கலங்கிய சிறுநீரெல்லாம் கைலூரியா ஆகிவிடாது. பாஸ்பேட் உப்பு கூடினாலும் சிறுநீர் வெளுக்கும். சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் அது தெளிந்துவிடும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. சீழ் கலந்திருந்தால் மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடக்கும். வடிகட்டி பழுதில் முகமும் காலும் வீங்கும், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்கும், கொலஸ்டிரால் ஏறும். உங்கள் அப்பாவுக்கு வீக்கம் இல்லை என்பதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நிணநீரிலேயே புரதம் உண்டு என்பதால் கைலூரியாவிலும் புரதம் நான்கு பிளஸ் வரும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து ஸ்டீராய்டு தொடங்க எவராவது சொன்னால், "நிணநீர் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள்.

புழுவைத் தேட இரவு இரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்கு மேல் எடுத்தால்தான் பலன், ஏனென்றால் கொசு கடிக்கும் நேரத்தில்தான் புழுக்குஞ்சுகள் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. புழுவின் பொருளை இரத்தத்தில் கண்டறியும், பகலில் செய்யக்கூடிய ஆன்டிஜென் அட்டைச் சோதனையும் உண்டு. இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். சிறுநீர் வெளுக்கும் கட்டத்தில் புழு செத்துப்போய் அது விட்டுச்சென்ற சேதம் மட்டும் மிஞ்சியிருப்பது சாதாரணம். அரிதாகக் காசநோய், கட்டி, அடிபட்ட காயம், பழைய அறுவை சிகிச்சை இவற்றாலும் நிணநீர் கசியும். 58 வயதில் உடம்பு மெலிகிறது என்பதால் மருத்துவர் சிடி ஸ்கேன் கேட்டால் மறுக்காதீர்கள். அந்த ஸ்கேன் வீண் செலவு ஆகாது.

எந்தச் சிறுநீரகம் கசிகிறது என்று பார்க்க சிஸ்டோஸ்கோபி செய்வார்கள். முன்கூட்டியே கொழுப்புள்ள உணவு கொடுத்துவிட்டு, மெல்லிய கேமராக் குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தால், எந்தப் பக்கத்துத் துவாரத்திலிருந்து வெள்ளையாகப் பீறிடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அந்த நெசவாளருக்கு இடப் பக்கம். தேவைப்பட்டால் நிணநீர் ஓட்டத்தையே படம் பிடிக்கும் சோதனைகளும் உண்டு.

சிகிச்சை சாப்பாட்டில் தொடங்குகிறது. எண்ணெய்ப் பலகாரம், நெய், வெண்ணெய், தேங்காய், கொழுப்புள்ள பால் எல்லாவற்றையும் நன்றாகக் குறைக்க வேண்டும். நம் ஊரில் இருந்துகொண்டு ஆம்பூர் பிரியாணியையும் ஆற்காடு மக்கன் பேடாவையும் விடுவது கஷ்டம்தான், ஆனால் பலனைச் சில நாட்களிலேயே டம்ளரில் பார்க்கலாம். புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரில் போவதை ஈடுகட்டப் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கொழுப்பில்லாத மீன், ஆடை நீக்கிய பால் தேவை. தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். எம்சிடி எண்ணெய் என்று ஒன்றை எழுதிக்கொடுப்பதும் உண்டு. அது நிணநீரைத் தொடாமல் நேராக இரத்தத்துக்குப் போகும் கொழுப்பு. தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புழுவுக்கு டிஇசி மாத்திரை. உடல் எடையைப் பார்த்து, பன்னிரண்டு நாள் அல்லது அதற்கு மேல் கொடுப்பார்கள். சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாத்திரை புழுவைக் கொல்லும். கசிவு நிற்குமா என்பது வேறு கேள்வி. ஓய்வு, பத்தியம், மாத்திரை இவற்றோடு கணிசமான பேருக்கு நின்றுவிடுகிறது. நிற்காதவர்களுக்கு, சிஸ்டோஸ்கோபி வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை செலுத்தி, நீர்த்த பொவிடோன் அயோடின் கரைசலை மெதுவாக விடுவார்கள். அது கசியும் வாய்களை எரிச்சலூட்டி ஒட்டவைக்கும். முன்பு இதற்குச் சில்வர் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். அதன் வீரியம் கூடிப்போய்ச் சிறுநீரகமே கெட்டவர்கள் உண்டு என்பதால் பலரும் அயோடினுக்கு மாறினார்கள். எதற்கும் மசியவில்லை என்றால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள நிணநீர் நாளங்களைப் பிரித்துக் கட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இப்போது லேப்ராஸ்கோபி மூலமே செய்கிறார்கள். ஒருமுறை நின்றது பல மாதம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும். அப்படி வந்தால் சிகிச்சை தவறிவிட்டது என்று கொள்ளாமல் மறுபடி போய்க் காட்டுங்கள்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். நெப்ராலஜிக்கு (சிறுநீரக மருத்துவம்) சீட்டு போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம், இதைப் பார்ப்பது யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை மருத்துவம்). வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அந்தத் துறை உண்டு. காட்பாடியில் ரயில் இறங்கி வரும் பீகார், வங்காள நோயாளிகளின் ஊர்ப்பக்கம் இந்த நோய் நம்மைவிட அதிகம் என்பதால், வேலூரில் இது அறியாத வியாதி அல்ல. செலவுக்கு யோசித்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போய், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. வெள்ளைக் கட்டி அடைத்துக்கொண்டு சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலோ, இரத்தம் கலந்து போனாலோ, நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை இன்றே எடுத்துவிடுங்கள். சிறுநீராலோ எச்சிலாலோ இது யாருக்கும் ஒட்டாது, கொசு வழியாக மட்டுமே பரவும். இரவில் கொசுவலை கட்டுங்கள், வீட்டுப் பக்கம் தேங்கும் சாக்கடைத் தண்ணீரை நகராட்சியிலோ ஊராட்சியிலோ சொல்லி வடியவிடுங்கள். சாப்பாட்டுக்கு அவரை உங்களோடு உட்காரவையுங்கள்.