300 சாம்பிள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?
உளவியல் ஆய்வுப் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சைக்காலஜி முதுகலை, தீசிஸ் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். ஆராய்ச்சிக்கு முக்கியத்துவம் தரும் எம்.எஸ்சி. படித்தால் பிறகு கவுன்சலிங்கும் கொடுக்கலாமா? சேலத்தில் படித்தால் போதுமா, வெளியூர் போக வேண்டுமா?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: இரண்டையும் ஒரே கல்லில் அடிக்கப் பார்க்காதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட, இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த கிளினிக்கல் படிப்பும் பதிவும் வேண்டும். ஆய்வு எம்.எஸ்சி. எவ்வளவு நல்ல மதிப்பெண்ணில் முடித்தாலும் அந்தப் பதிவைத் தராது. அது தருவது வேறு: கேள்வி போட, அளக்க, கணக்குப் பார்க்க, எழுதக் கற்றுத் தரும். பிஎச்.டி.க்கு அதுதான் அடித்தளம்.

நெதர்லாந்தில் ரிசர்ச் மாஸ்டர் என்றே தனிப் பட்டம் உண்டு. இரண்டு வருடம், 120 கிரெடிட். நம் ஊரில் பட்டத்தின் பெயரை வைத்து எதுவும் தெரியாது. பாடத்திட்டத்தை இறக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். தீசிஸுக்கு எத்தனை கிரெடிட்? புள்ளியியல் ஒரு பேப்பரோடு முடிகிறதா, இரண்டாவதும் இருக்கிறதா? செய்முறைத் தாளில் மாணவர் தானே சோதனையை வடிவமைக்கிறாரா, பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறாரா? மூன்றாவதை இணையதளம் சொல்லாது. அங்கே படிக்கும் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. தர்மபுரியிலிருந்து போனால் சேலம் நகருக்குள் நுழையும் முன்பே, கருப்பூரில் வளாகம் வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், புதுச்சேரி ஆகியவற்றிலும் துறைகள் உண்டு. கவனம், நினைவு, மொழி என்று சோதனைக்கூடப் பக்கம் மனம் போனால் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை, அறிதிறன் அறிவியல் மையத்தையும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். புதுச்சேரி, ஹைதராபாத் இரண்டுக்கும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழியும். குத்துமதிப்பாக டிக் அடிப்பவர்களுக்கு அங்கே அடி விழும்.

கேள்வி: வேலையை விடாமல் தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேரலாமா?
– வாசகர், பர்கூர்

பதில்: இனி வேண்டாம். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இன்னமும் "அட்மிஷன் ஓப்பன்" என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி, தனியார் பள்ளி பிளஸ் 1 மாணவர்களின் தேர்வுப் பதற்றத்தை ஒப்பிடுவது என் தீசிஸ். கைடு 300 சாம்பிள் என்கிறார். சீனியர் 100 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், அரூர்

பதில்: இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். 300 என்பது பெரும்பாலும் காரணிப் பகுப்பாய்வுக்கு, அதாவது நிறைய கேள்விகளைச் சில அடிப்படைக் காரணிகளாகத் தொகுக்கும் கணக்குக்கு, சொல்லப்படும் பழைய கைக்கணக்கு. இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அதைத் தூக்கி வந்து வைப்பதில் அர்த்தமில்லை.

முதலில் எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கோஹன் கணக்கில் 0.5 நடுத்தர வித்தியாசம். அதாவது இரண்டு சராசரிகளும் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) பாதி தூரம் விலகி நிற்கின்றன. முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, திறன் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடித்துவிடும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று வைத்தால் குழுவுக்கு 64, மொத்தம் 128 பேர் வேண்டும். வித்தியாசம் 0.2 அளவுக்குச் சிறியது என்று நினைத்தால் குழுவுக்கே 400 பேரை நெருங்கிவிடும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தத் திரையை அப்படியே அச்செடுத்து ப்ரொபோசலில் ஒட்டுங்கள். வைவாவில் "ஏன் இத்தனை பேர்?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

இந்த 128 என்பது தனித்தனி ஆட்களுக்கான கணக்கு. நீங்கள் எடுக்கப் போவதோ வகுப்பு வகுப்பாக. ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே ரிவிஷன் டெஸ்ட். பதில்களும் ஓரளவு ஒரே பக்கம் சாயும். இந்தச் சாயலை 0.05 என்று வைத்து, வகுப்புக்கு 30 பேராகப் பத்து வகுப்பு எடுத்தால் கணக்கு இப்படி வரும் (30-இல் ஒன்றைக் கழித்து 29): 1 + (29 × 0.05) = 2.45. 300-ஐ 2.45-ஆல் வகுத்தால் 122; அதாவது அந்த 300 பேர் தனித்தனி ஆட்கள் 122 பேருக்குத்தான் சமம். கைடு சொன்ன 300 பேரைப் பிடித்தும் 128-ஐ எட்டவில்லை! அதே 300 பேரை வகுப்புக்கு 15 வீதம் இருபது வகுப்புகளில் எடுத்தால் 1.7-ஆல் வகுக்க வேண்டும்; 176 வரும். அலைச்சல் கூடும்தான், ஆனால் தீசிஸ் நிற்கும். நூற்றுக்குப் பதினைந்து தாள் பாதியில் விட்டதாகவோ, மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்ததாகவோ வீணாகும் என்று வைத்து 355 தாள் அச்சடியுங்கள்.

சின்ன சாம்பிளில் "முக்கியத்துவம் வாய்ந்த வித்தியாசம்" கிடைத்துவிட்டால் மகிழ்ந்துபோக வேண்டாம். 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ வேறு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் முக்கியத்துவம் வாய்ந்த முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறியது.

அரசுப் பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். ஜூலையிலேயே மனுவைக் கொடுங்கள். அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை, அப்புறம் பொதுத்தேர்வு என்று டிசம்பருக்குப் பிறகு எந்தத் தலைமையாசிரியரும் ஒரு பீரியடைத் தர மாட்டார். தேர்வுப் பதற்றத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பள்ளியிலும் விடுமுறை முடிந்த வாரத்தில் இன்னொன்றிலும் அளந்தால், நீங்கள் அளந்தது காலண்டரைத்தான்.

கேள்வி: ஓசூர் தொழிற்பேட்டைப் பெண் தொழிலாளர்களிடம் மனச்சோர்வு பற்றி ஆய்வு செய்கிறேன். பி.எச்.க்யூ-9 கேள்விப் பட்டியலை நானே தமிழாக்கி 60 பேரிடம் முன்னோட்டம் பார்த்தேன். 31 பேர் 10 அல்லது அதற்கு மேல் வருகிறார்கள். இதை நம்பலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: நம்பாதீர்கள். ஆனால் அந்த 60 தாளைத் தூக்கியும் போடாதீர்கள். உங்கள் தவறுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27, வழக்கமான வெட்டுப்புள்ளி 10; அதாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வார்கள். மூன்றாவது கேள்வி தூக்கம், நான்காவது அசதி, ஐந்தாவது பசி. நைட் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு மனம் நன்றாக இருந்தாலும் இந்த மூன்றிலும் மதிப்பெண் ஏறும். மூன்றிலும் 3 போட்டால் அங்கேயே 9. மிச்சம் ஆறு கேள்வியில் ஒன்றில் 1 விழுந்தால் போதும், மனச்சோர்வு என்ற கட்டத்துக்குள் தள்ளிவிடும். கேள்விகள் கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. வாராவாரம் ஷிப்ட் மாறும் ஆலையில் அதில் ஒரு வாரம் நைட்டாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தாளிலும் அந்த இரண்டு வாரமும் எந்த ஷிப்ட் என்று எழுதி வாங்குங்கள். 31 தாளையும் எடுத்து 3, 4, 5-ஆம் கேள்விகளைத் தனியாகவும் மற்ற ஆறைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள். முதல் கூட்டல் மட்டும் உயர்ந்திருந்தால் அது ஷிப்டின் வேலை.

அடுத்தது மொழி. "சோர்வு" என்று எழுதினால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் கால்வலியைத்தான் நினைப்பார். "மனசு சரியில்ல", "எதுலயும் புடிப்பில்ல" என்று அவர்கள் வாயில் வரும் சொல்லுக்குப் பக்கத்தில் போக வேண்டும். இந்தப் பட்டியலின் தமிழ் வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது, அனுமதியும் தேவையில்லை. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். வேறு கருவியை மொழிபெயர்ப்பதானால் முறை இதுதான்: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இடறும் வரிகளைத் திருத்த வேண்டும். பிறகு ஆறேழு பெண்களிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் தாவிவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதும் தமிழில் மனசைச் சொல்லத் தெரியும் என்பதும் ஒன்றல்ல. வீட்டு மொழி எது என்று ஒரு கட்டம் சேருங்கள்.

தாளை யார் கொடுத்தார்கள்? சூப்பர்வைசர் வழியாகப் போயிருந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 0 போடுவார்கள், ஆலை மீது கோபம் உள்ளவர்கள் 3 போடுவார்கள். விடுதியிலோ பஸ் ஏறும் இடத்திலோ நீங்களே கொடுங்கள்.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. பெயர் இல்லாத தாளில் அதற்கு 2 என்று டிக் அடித்தவரை அப்புறம் எங்கே தேடுவீர்கள்? தாளை வாங்கியவுடன் அந்த வரியை அங்கேயே பார்க்க வேண்டும். கிழித்துக்கொள்ளும் துண்டில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கும் முன்பே முன்னோட்டத்தை முடித்திருந்தால், அந்த 60 பேரை இறுதி டேட்டாவில் சேர்க்கவே முடியாது.

கேள்வி: 18 வயதுக்கு முன் திருமணமான சிறுமிகளை நேர்காணல் செய்ய விரும்புகிறேன். "ரகசியம் காக்கப்படும்" என்று ஒப்புதல் படிவத்தில் போட்டால் போதுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியாது. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத மனைவியுடனான உறவும் குற்றம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இது தெரியவந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மாணவி, ஆய்வாளர் என்று விலக்கு இல்லை. ரகசியம் என்று சொல்லிப் பேச வைத்துவிட்டுப் புகார் கொடுத்தால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். கொடுக்காவிட்டால் நீங்கள் சட்டத்தை மீறியவர். கமிட்டி இதைத்தான் முதலில் கேட்கும்.

தலைப்பை விட வேண்டியதில்லை, வழியை மாற்றலாம். பெற்றோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். பத்து வரிக் கதை: அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போகிறார், மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். ஒரு தாளில் மேல்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டர். இன்னொன்றில் 15 கிலோமீட்டர். வேறெதுவும் மாறக் கூடாது, ஒரு கமா கூட. இரண்டு வகையையும் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி வரிசையாகக் கொடுங்கள். "இந்தக் குடும்பம் இப்போதே திருமணம் செய்வது எவ்வளவு சரி?" என்று 1 முதல் 7 வரை கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுபவருக்கு எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாமல் கவரில் வையுங்கள்; குரல் காட்டிக்கொடுத்துவிடும். யாரும் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டாம், தூரம் முடிவை மாற்றுகிறதா என்பதும் தெரியும். தானாகச் சொந்த வீட்டுக் கதையை ஆரம்பிப்பவர்களும் உண்டு. அதற்கு என்ன செய்வீர்கள் என்பதைத் தகவல் தாளில் தெளிவாக எழுதி, தொடங்கும் முன்பே வாசித்துக் காட்டிவிடுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலைக் கிராமங்களுக்குப் போவதானால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) 2017 வழிகாட்டுதலில் பழங்குடியினர் பற்றிய பகுதியைத் தனியாகப் படியுங்கள். உரிய அதிகாரிகளின் அனுமதியும் ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் வேண்டும். ஆனால் ஊர்ப் பெரியவர் சரி என்றார் என்பதற்காகத் தனியாளின் ஒப்புதலை விட்டுவிட முடியாது.

கேள்வி: எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருள் வாங்க வசதியில்லை. திருட்டுப் பதிப்பைப் போட்டால் என்ன?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: தேவையே இல்லை. ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். முதுகலைத் தீசிஸுக்குத் தேவையான எல்லாக் கணக்கும் அவற்றில் உண்டு. மென்பொருளைவிட டேட்டா ஷீட்டில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பத்துக் கேள்விகள் கொண்ட பி.எஸ்.எஸ். மன அழுத்த அளவுகோலில் 4, 5, 7, 8 ஆகியவை தலைகீழ்க் கேள்விகள். 0 போட்டவருக்கு 4, 1 போட்டவருக்கு 3 என்று திருப்ப வேண்டும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் வர வேண்டிய இடத்தில் 0.3 என்று வந்தால் அளவுகோலைத் திட்டும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

கேள்வி: நெட் தேர்வை எம்.எஸ்சி. முடித்த பிறகுதான் எழுத வேண்டுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: விரிவுரையாளர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான இந்தத் தேர்வைக் கடைசி வருடத்திலேயே எழுதலாம். சைக்காலஜியின் பாட எண் 04. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. ஜே.ஆர்.எஃப். என்ற அந்த ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தேறினாலும் பயன் உண்டு, ஆனால் அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். அதற்குள் கைடைப் பிடித்துவிட வேண்டும். இரண்டாம் தாளின் பத்து அலகுகளில் ஆய்வு முறை, புள்ளியியல், உளவியல் சோதனைகள் எல்லாம் 2, 3-ஆம் அலகுகளில் வருகின்றன. தீசிஸ் வேலை நடக்கும்போதே அவற்றை முடித்துவிடுங்கள்.