சாதாரண வருடத்துச் சமையல்

கேள்வி: ஐயா, விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் இருக்கும் சாதாரணப் பொருள்களை வைத்தே செலவில்லாமல், சுலபமாகச் செய்யக்கூடிய சாப்பாடு இரண்டு மூன்று சொல்லுங்களேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அமைச்சரைத் திட்டி எழுதுகிறவர்கள்கூட முழுப்பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் எல்லாம் போட்டு எழுதுகிறார்கள். சோற்றுக்கு வழி கேட்கும் நீங்கள் பெயரை மறைக்கிறீர்கள். மாமியாரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார் போலிருக்கிறது. நல்லது, அவரையும் சந்தா கட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஊர்ப் பெயர். 2007-ல் மாற்றிவிட்டார்கள், தெரியும். தபால்காரருக்கு அது பெஸ்தாரி ஜெயாவாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் பிறந்த தோட்டத்திலிருந்து நாலு மைல். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது 'டவுனுக்குப் போறேன்' என்றால் அது பத்தாங் பெர்ஜுந்தை. கோலாலம்பூரெல்லாம் டவுன் கணக்கில் வராது, அது வெளியூர். பழைய பெயரை ஏன் மாற்றினார்கள் என்று மலாய் தெரிந்த நண்பரைக் கேளுங்கள், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். இது குடும்பப் பத்திரிகை, நானும் மாற்றிவிடுகிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரே ஒரு சொல்லில்தான் என் கண் நின்றது: 'சாதாரண'. அம்மா, நான் பிறந்ததே சாதாரண வருடத்தில்தான். விளையாட்டு இல்லை. அறுபது வருடப் பெயர்களில் நாற்பத்து நான்காவது 'சாதாரண'. 1970 சித்திரையில் பிறந்து 1971 பங்குனியோடு முடிந்தது. அப்பாவுக்கு ஆங்கில வருடக் கணக்கு ஓடாது. என்னைத் தோட்டப் பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் கேட்டார்:

"பையன் எப்ப பொறந்தான்?"

"சாதாரண, ஆவணி மாசங்க."

"சாதாரணமாத்தான் பொறந்திருப்பான். வருசத்தச் சொல்லு."

"அதாங்க, சாதாரண."

"யோவ், ஆஸ்பத்திரியில ஆயுதம் போட்டா எடுத்தாங்கன்னு நான் கேட்டனா?"

கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அம்மா மடியிலிருந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவுக பேசிக்கிட்டிருந்தாக" என்றார். ஒரு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் விரோதகிருது. பத்திரிகை ஆசிரியனுக்குப் பொருத்தமான பெயர். நழுவிவிட்டது.

ஆக, சாதாரணம் எது என்று சொல்ல எனக்குப் பிறப்புரிமை இருக்கிறது. பத்திரிகைகள் போடும் 'எளிய சமையல்' குறிப்புகள் சாதாரணம் இல்லை. எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன தீபாவளி மலரில், நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, 'வீட்டில் உள்ள பொருள்களில் ஐந்து நிமிட உணவு' என்று ஒரு பக்கம் வந்துவிட்டது. வீட்டில் உள்ள பொருள்களில் ஒன்று ஆலிவ் எண்ணெய், இன்னொன்று அவகாடோ, மூன்றாவது சியா விதை. யார் வீட்டில்? டவுன் மளிகைக்காரரிடம் போய் ஆலிவ் எண்ணெய் இருக்கிறதா என்று நானே கேட்டேன். "காது வலிக்குதா சார்?" என்றார்.

எங்கள் வீட்டில் உள்ள பொருள் என்றால் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், புளி, ஒரு பொட்டலம் நெத்திலி. சம்பளத்துக்கு முந்திய வாரம், அலமாரி மேல்தட்டில் ஒரே ஒரு சார்டின் டின். சேவல் படம் போட்டது. டின்னுக்கு வெளியே கோழி, உள்ளே மீன், சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். 1892-ல் சிங்கப்பூரில் கடை போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வியாபாரம் அது, அவர்கள் நாட்டுக்குச் சேவல்தான் சின்னம் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த டின்னில் அம்மா செய்வது சார்டின் பிரட்டல். இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் மெய்ப்புத் திருத்துபவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், 'பிரட்டல்' என்ற சொல்லைக் கண்டால் சிவப்புப் பேனாவைத் திறந்துவிடுவார். 'புரட்டல்' என்பதுதான் சரியாம். மூட்டையைப் புரட்டலாம், புத்தகத்தைப் புரட்டலாம், கோழியைப் பிரட்டத்தான் வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை நான் எழுதிய 'சார்டின் பிரட்டல்' அவர் கையில் 'சார்டின் புரட்டல்' ஆனது. அச்சுக் கோத்த பையன் அவசரத்தில் கடைசி இரண்டு எழுத்தையும் 'டு' ஆக்கிவிட்டான். இதழ் வெளிவந்தபோது தலைப்பு: 'சார்டின் புரட்டு'. மறுநாள் காலை எட்டு மணிக்கு, எங்களுக்கு மாதா மாதம் அரைப்பக்க விளம்பரம் தரும் கடைக்காரர் வந்து நின்றார். "நான் என்ன சார் புரட்டு பண்ணினேன்? காலாவதியான டின்ன நான் வித்ததே இல்ல" என்றார். கட்டுரையை முழுக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "சரி, ஆனா தலைப்பு என்னைத்தான் சொல்லுது" என்று போய்விட்டார். அடுத்த இரண்டு மாதம் விளம்பரம் இல்லை. இதே திருத்துபவர்தான் 'பசியாறினீர்களா' என்று நான் எழுதினால் 'காலை உணவு உட்கொண்டீர்களா' என்று மாற்றுகிறவர். பசி ஆறுவது எவ்வளவு நல்ல சொல்! உட்கொள்வது மருந்து. இந்தப் பதிலில் அவர் கை வைக்கக்கூடாது என்று மேலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

செய்முறைக்கு வருகிறேன். 425 கிராம் டின். உள்ளே நாலோ ஐந்தோ மீன். நாங்கள் ஏழு பேர். கணக்கு இடிக்கிறதா? அதற்குத்தான் உருளைக்கிழங்கு. மூன்று கிழங்கைச் சின்னதாக வெட்டி முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, நாலு பல் பூண்டு, பெரிய வெங்காயம் இரண்டு. வெங்காயத்தில் உப்பை முதலிலேயே போட்டால் சீக்கிரம் வதங்கும். மீன் மசாலாத் தூள் இரண்டு கரண்டி, தீயைக் குறைத்துவிட்டுப் போடுங்கள், கருகினால் கசக்கும். அப்புறம் கிழங்கு, டின்னில் உள்ள தக்காளிச் சாறு. இப்போது டின்னைக் கவனியுங்கள். அம்மா அதில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் மூடி, ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டியில் ஊற்றுவார். மறுபடி கொஞ்சம் தண்ணீர், மறுபடி குலுக்கு. இரண்டாவது தண்ணீரில் நிறம்கூட இருக்காது. அதுவும் சட்டிக்குத்தான் போகும். சாறு வற்றி எண்ணெய் ஓரத்தில் தெரியும்போது மீனைப் போட வேண்டும். அதற்குப் பிறகு கரண்டிக்கு வேலையில்லை. சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஆட்டினால் போதும், கிண்டினால் மீன் கூழாகிவிடும். இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். முள்ளை எடுக்காதீர்கள், டின் மீனில் அது மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்கு நல்லது.

எண்ணெய் என்று எழுதினேன். அதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டது எங்கே தெரியுமா? உங்கள் ஊரில். 1917-ல், தென்னமரம் தோட்டத்தில், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள், தென்னமரம். பெயர் தமிழ், முதலாளி பிரெஞ்சு, நட்ட மரம் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. குலை வெட்டிச் சுமந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. ஆனால் அரசாங்கச் சலுகை விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தை நான் கடையில் கேட்கும்போதெல்லாம் "நேத்துதான் முடிஞ்சுது" என்கிறார்கள். நேற்றுப் போயிருந்தால் "நாளைக்கு வரும்" என்றிருப்பார்கள்.

ஏழைத் தமிழன் வீட்டுச் சட்டியில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் எண்ணெய்க்கு, ஒருவர் மீனுக்கு. பிரெஞ்சுச் சமையல் என்று போட்டு நட்சத்திர ஹோட்டலில் இதையே 60 வெள்ளிக்கு விற்கலாம்.

'சுலபமாக' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைத் தொடாமல் போக நினைத்தேன், முடியவில்லை. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், நாலு மணிக்கே அடுப்பு மூட்டியிருப்பார், ரப்பர் விறகு, ஈரமாக இருந்தால் புகை வேறு. காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஆக்கி, தூக்குச்சட்டியில் அடைத்துவிட்டுப் போவார். அப்பாவும் அதே பெரட்டுக்குப் போகிறவர்தான். அந்த நேரத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். சாப்பாடு மிகவும் சுலபமாக வந்தது அவருக்கு. உங்கள் கணவரும் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சுலபமான சமையல் எது என்று அவர் ஏன் எனக்கு எழுதவில்லை? வெங்காயம் இரண்டு, கிழங்கு மூன்று. வெட்ட ஏழு நிமிடம். செய்தி பார்த்துக்கொண்டே வெட்டலாம், நான் அப்படித்தான் வெட்டுகிறேன். விரலில் தழும்பு இருக்கிறது, அது வேறு கதை.

இரண்டு மூன்று கேட்டீர்கள், ஒன்றுதான் தந்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து முனையில் இருந்த சீனர் கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 555 கடன் நோட்டு இருக்கும், உள்ளங்கை அளவு. காசில்லாத நாளில் கடை முதலாளி டவுக்கே வாயைத் திறக்காமல் அதை எடுத்து எழுதிக்கொள்வார், சம்பளத்தன்று கோடு போட்டு அடிப்பார். மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் ஒன்று, முருங்கைக்கீரை போட்ட பருப்பு ஒன்று. என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா.