பறவை கூவும் நேரம் – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் பழைய போர்டு கேம்களைப் பற்றி எழுதும்போது ‘மேஜிக் ரெல்ம்’ என்று ஒன்றை ஒரே வரியில் சொல்லிவிட்டு, “இதை ஆரம்பித்தால் முடியாது” என்று தாண்டிப் போய்விட்டீர்கள். சும்மா இருக்க முடியாமல் தேடிப் பார்த்தேன். விதிப் புத்தகம் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். நான் ஒன்றும் புதிய ஆள் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் நண்பர்களோடு கட்டான் மாதிரி நாலைந்து விளையாட்டுகள் ஆடுகிறவன்தான். ஆனால் இது வரிவிதிப்புச் சட்டம் படிப்பது போல இருந்தது. படங்களும் அழகாக இல்லை. 1979ல் வந்த ஒன்றை இன்னும் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்றால், அது சின்ன வயதில் ஆடியவர்களின் பழைய நினைவு மயக்கமா? இல்லை, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டோமே என்ற பெருமையா? நேராகச் சொல்லுங்கள்.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

பன்னிரண்டு பக்கம் போனதே பெரிய விஷயம். நான் முதல் தடவை ஆறாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

பழைய நினைவு மயக்கம் என்கிறீர்கள். 1979ல் எனக்கு மூன்று வயது, எங்கள் வீட்டில் இருந்த விளையாட்டு தாயமும் ஒரு கிழிந்த பரமபதப் படமும்தான். மேஜிக் ரெல்மை நான் பார்த்ததே முப்பது வயதுக்கு மேல், வேலை விஷயமாக அமெரிக்கா போயிருந்தபோது, கூட வேலை பார்த்தவர் வீட்டில், ஒரு பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. அதனால் எனக்கு மயங்குவதற்குப் பழைய நினைவே கிடையாது. பெருமை வேண்டுமானால் கொஞ்சம் இருக்கலாம், மறுக்கவில்லை.

ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மிருகங்கள் நடமாடும் காட்டில் புதையல் தேடிப் போகிற விளையாட்டு இது. ஏன் இவ்வளவு விதி என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். இதை வெளியிட்ட அவலான் ஹில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கம்பெனி, போர் விளையாட்டுகளுக்குப் பேர்போனது. அறுகோணக் கட்டம், அட்டைச் சில்லு, பத்தி பத்தியாக எண் போட்ட விதிகள், இதெல்லாம் அவர்கள் வீட்டுச் சமையல். ரிச்சர்ட் ஹாம்ப்ளன் இதை வடிவமைத்த காலத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமாகவே பேசி ஆடுகிற விளையாட்டு அங்கே காட்டுத்தீ மாதிரி பரவிக்கொண்டிருந்தது. அதில் ஆட்டத்தை நடத்த ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்தால் என்ன இருக்கும், கடைக்காரன் கோபப்பட்டால் என்ன செய்வான், எல்லாம் அவர் வாயில்தான். மேஜிக் ரெல்மில் அந்த ஆள் கிடையாது. அவர் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் விதிகளே சொல்லியாக வேண்டும் என்று ஹாம்ப்ளன் முடிவு செய்துவிட்டார். குதிரை எவ்வளவு சுமக்கும், கவசத்தோடு குகைக்குள் போனால் என்ன, சத்திரத்தில் கூலிப்படைக்காரனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தால் விலை குறைப்பானா (குறைக்க வாய்ப்பு உண்டு, அதற்கும் விதி இருக்கிறது), எல்லாவற்றுக்கும். உங்களைத் தூங்கவைத்த அந்த நூறு பக்கமும் இப்படித்தான் வந்தது.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. நடத்துகிற மனிதர் இருந்தால் அவருக்கு உங்கள் மேல் இரக்கம் வரும். பாவம், இவன் இரண்டு மணி நேரமாக ஆடுகிறான், சாகடிக்க வேண்டாம் என்று பகடையை மறைத்துக்கொள்வார். இந்தக் காட்டுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது. மற்ற காரணங்களெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆட்டத்தில் மொத்தம் 28 நாட்கள். ஒவ்வொரு நாளும் ‘பறவை கூவும் நேரம்’ என்ற கட்டத்தோடு தொடங்கும், உண்மையாகவே விதியில் அந்தப் பெயர்தான். அப்போது ஒவ்வொருவரும் அன்றைய வேலைகளை யாருக்கும் காட்டாமல் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். ஒளி (அதாவது ஒளிந்துகொள்), நட, நட, தேடு, இப்படி. வெளிச்சமான இடத்தில் நாலு வேலை, குகைக்குள் வெயில் இல்லாததால் இரண்டு. மலை ஏறினால் ஒரு நடைக்கு இரண்டு வேலை போய்விடும். எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் பொழுது விடிந்து பகடை உருளும். இன்று எந்த வகை மிருகங்கள் நடமாடும் என்பது அப்போதுதான் தெரியும். காகிதத்தை மாற்ற முடியாது. எழுதினது எழுதினதுதான். போக வேண்டிய ரகசியப் பாதையை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அந்த வேலை வீண். சாயங்காலம் எதிரில் நிற்பதோடு சண்டை, நள்ளிரவில் மறுபடி சீர்செய்தல், அடுத்த நாள் திரும்பவும் பறவை.

மற்ற விளையாட்டுகளில் பகடையைப் பார்த்துவிட்டு யோசிப்போம். இங்கே யோசித்து எழுதிவிட்டுப் பகடையைப் பார்க்கிறோம். கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஆடும்போது வயிற்றில் என்னவோ செய்யும்.

வரைபடம் 20 அறுகோண அட்டைகள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகச் சேர்த்து வைக்க வேண்டும். பள்ளத்தாக்குகளின் ஆங்கிலப் பெயர்கள் ஏ, பி, சி, டி, ஈ என்று அகரவரிசையில் தொடங்கும், மரக்காடுகளுக்கு எல் (L) முதல் பி (P) வரை, ஏதோ கிடங்கில் ரேக்குக்கு நம்பர் போட்ட மாதிரி. படங்கள் அழகில்லை என்று நீங்கள் சொன்னதும் சரி, பச்சையில் நாலு வட்டமும் கோடும்தான் காடு. ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் சில்லுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் அங்கே போய் நின்ற பிறகே அவை திரும்பும். ஒன்றில் புகை என்று இருக்கும், ஒன்றில் எலும்புகள், துர்நாற்றம், ஈரக்கசிவு. இன்னும் சிலவற்றில் வெறும் சத்தம் மட்டும்: ஊளை, சிறகடிப்பு, ஊர்தல். மிருகம் உடனே வராது. அது இருக்கக்கூடும் என்று மட்டும் தெரியும். பரமபதத்தில் பாம்பு எங்கே இருக்கிறது என்று பலகையிலேயே வரைந்திருக்கும், கொத்து வாங்குவதுதான் நம் வேலை. இங்கே நாற்றத்தை வைத்து இது என்ன பாம்பு, என்றைக்கு வரும் என்று ஊகிக்க வேண்டும். பழகினவர்கள் ‘மலையில் எலும்பா, வேண்டாம்’ என்று எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏதோ அந்த ஊரில் பத்து வருஷம் குடியிருந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அப்புறம் குள்ளன். மொத்தம் 16 பாத்திரங்கள், அதில் எனக்குப் பிடித்தவன் இவன்தான். குட்டைக் கால் என்பதால் இவனுக்கு வெளிச்சத்திலும் ஒரு நாளைக்கு இரண்டே வேலை. மற்றவர்கள் நாலு வேலை செய்துகொண்டு காட்டைச் சுற்றிவரும்போது இவன் சத்திரத்து வாசலிலிருந்து இரண்டு அடி வைத்திருப்பான். ஆனால் குகைக்குள் போனதும் எல்லோருக்கும் இரண்டுதான், அங்கே இவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. அதோடு, இந்த விளையாட்டில் ஒளியவும் தேடவும் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஒளியும்போது ஆறு விழுந்தால் மாட்டிக்கொண்டீர்கள். இரண்டில் ஒன்றாவது ஆறாக இருக்கும் வாய்ப்பு 36ல் 11. குள்ளன் குகைக்குள் ஒரே பகடைதான் உருட்டுவான், ஆகவே 6ல் 1. இவன் குகையில் வளர்ந்தவன், இருட்டு பழகியவன், வெளியே வந்தால் மூச்சு வாங்கும் என்று யாரும் பத்தி எழுதவில்லை. இரண்டு எண்களை மாற்றினார்கள், ஒரு ஆள் கிடைத்துவிட்டான். மந்திரவாதிக் கிழவருக்கு எல்லா ரகசியப் பாதைகளும் முதல் நாளே தெரியும், காட்டுப் பெண்ணுக்கு மரக்காட்டுக்குள் ஒரே பகடை. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமைகூட உண்டு.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் உருப்படியான ஆட்டம், கையில் குள்ளன். எப்படியோ ஒரு குகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஊர்தல் சத்தம் ஏற்கனவே திரும்பிக் கிடக்கிறது. மூன்று நாட்களாக ஒளி, தேடு, ஒளி, தேடு என்று ஒழுங்காக எழுதினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலை பொறுமை போய்விட்டது. தேடு, தேடு என்று எழுதினேன். முதல் தேடலில் புதையல் இருக்கும் இடம் தெரிந்தது, இரண்டாவதில் கைவிட்டு ஒரு பொருளையும் எடுத்துவிட்டேன், மேசைக்கு எதிரில் இருந்தவர் கைதட்டினார். ஆனால் விடியலில் விழுந்த பகடையை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அன்றைக்கு டிராகன் நடமாடும் நாள். ஒளியாமல், கையில் புதையலோடு, குகை நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். யாரையும் குறை சொல்ல முடியாது. என் கையெழுத்தில் காகிதத்தில் இருக்கிறது, ‘தேடு, தேடு’. எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஜெயித்த ஆட்டங்கள் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

சண்டையில் அடி பட்டதா இல்லையா என்பதற்குத் தனியாகப் பகடை கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். உயிர்ப்புள்ளி என்றும் எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் 12 சில்லுகள், நடை, அடி, மந்திரம் என்று, நடையிலும் அடியிலும் பலமும் வேகமும் எழுதியிருக்கும். உங்கள் அடி எதிராளியின் அசைவைவிட வேகமாக இருந்தாலோ, அவன் விலகுகிற பக்கத்துக்கே நீங்கள் வீசினாலோ பட்டுவிடும். காயம்பட்டால் சில்லு போகும், களைத்தால் சில்லு போகும். அதாவது உடம்பே அந்தப் பன்னிரண்டு சில்லுதான். அடிபட்டவன் மெதுவாகிறான், மெதுவானவன் மேலும் அடிபடுகிறான். இதை இன்றைக்கு வருகிற பளபளப்பான விளையாட்டுகள் பலவற்றில் நான் பார்க்கவில்லை.

ஜெயிப்பதும் வினோதம்தான். எதற்காக வந்தாய் என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ரகசியமாக எழுதவேண்டும். ஐந்து புள்ளி உங்களிடம் இருக்கிறது. ஒரு புள்ளிக்கு ஒரு பெரிய புதையல், அல்லது 2 மந்திரம், 10 புகழ், 20 கெட்ட பேர், 30 பொன். கெட்ட பேர் வாங்குவதையும் ஒரு லட்சியமாக வைத்துக்கொள்ளலாம், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. குள்ளனை வைத்துக்கொண்டு புகழுக்கு நாலு புள்ளி போட்டால், அது உங்கள் பேராசை, விளையாட்டின் தவறல்ல.

குறைகளை மறைக்கவில்லை. எடுத்து வைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் வேண்டும். ஐந்தாறு பேர் ஆடினால் உங்கள் முறை வருவதற்குள் காபி ஆறிவிடும். மூன்றாம் நாளே செத்துப்போனால் வேறு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. முதல் பதிப்பின் விதிப் புத்தகம் உண்மையிலேயே மோசம். ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரே விஷயத்தைப் பல இடங்களில் சிதறிவிட்டார்கள், தேடினால் கிடைக்காது. 1986ல் திருத்தி எழுதினார்கள், அதுவும் போதவில்லை. சிலர் ‘அந்தப் புதிர்தான் அழகு’ என்று சொல்வார்கள், நான் ஏற்கமாட்டேன். மோசமாக எழுதியது மோசமாக எழுதியதுதான். விளையாட்டு சிக்கலானது என்பது வேறு, அதை விளக்கியவர் சிக்கவைத்தார் என்பது வேறு.

ஆனால் அதன் விளைவாக ஒன்று நடந்தது. அவலான் ஹில் 1998ல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கம்பெனி கைவிட்டதை ஆடியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் பதிப்பு விதிகளை அவர்களே உட்கார்ந்து, சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து, இணையத்தில் தொகுத்தார்கள். நீங்கள் பார்த்த நூறு பக்கமும் அநேகமாக அதுதான். அட்டைகளைப் புதிதாக வரைந்தார்கள், மரம் மரமாகவும் குகை குகையாகவும் தெரிகிற மாதிரி. ஒரு ரசிகர் முழு ஆட்டத்தையும் கணினிக்குக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தார், பெயர் ‘ரெல்ம்ஸ்பீக்’. காசு வராத வேலையை இத்தனை பேர் இத்தனை வருஷம் செய்திருக்கிறார்கள். வெறும் பெருமைக்காக என்றால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, பெருமைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மேஜிக் ரெல்ம் காலத்தை ஒட்டி வந்த டாலிஸ்மேன் என்ற போர்டு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1983, பிரிட்டன். பகடை உருட்டு, நட, சீட்டு எடு, அதில் எழுதியிருப்பதைச் செய். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது, விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் எடுப்போம். அதில் நடப்பதெல்லாம் நமக்கு நடக்கிறது. மேஜிக் ரெல்மில் நடப்பதைப் பெரும்பாலும் நாமே செய்துகொள்கிறோம். இரண்டும் வேண்டும்தான், ஆனால் ராத்திரி படுத்த பிறகு எனக்கு ஞாபகம் வருவது இரண்டாவது.

வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். பழைய பெட்டியைத் தேடி ஓடாதீர்கள், பழைய சாமான் விலை பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ரெல்ம்ஸ்பீக்கை இறக்கிக்கொள்ளுங்கள், கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், தனியாகவும் ஆடலாம். விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் மாதிரி படிக்கவேண்டாம். ஒரு நாளை ஆடுங்கள், புரியாத இடத்தில் மட்டும் புரட்டுங்கள். மந்திரம் போடுகிறவர்களை இப்போதைக்குத் தொடாதீர்கள், ஐந்து நிற மந்திரமும் எட்டு வகையும் தனிப் பாடம். நான் சொன்னேன் என்று குள்ளனையும் எடுக்காதீர்கள், இரண்டு வேலையில் வெறுத்துவிடும். அமேசான் என்ற போர்வீராங்கனையை எடுங்கள், அவளுக்குத் தினமும் ஒரு நடை கூடுதல். காலையில் முதல் வேலையாக ‘ஒளி’ என்று எழுதுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை விடாதீர்கள்.

விடுவீர்கள். எத்தனையாவது நாளில் செத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.