முதல் ஃபெசன்ட் வேட்டைக்குப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கிலாந்தில் ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த நீண்ட வால் பறவை) வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. நண்பர் அழைத்திருக்கிறார், இதுவே முதல் முறை என்கிறீர்கள். சரி, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். புதர் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பறவைகளைக் கிளப்பிவிடும் ஆட்கள் அதற்குள்தான் தடியால் தட்டிக்கொண்டே வருகிறார்கள். பறவை தலைக்கு மேல் கடந்துவிட்டதா? துப்பாக்கிக் குழலை வானத்துக்கு உயர்த்திய பிறகே திரும்புங்கள். உங்களோடு வரிசையில் நின்று சுடுபவர்கள் பக்கம் குழல் ஒரு நொடிகூடப் போகக் கூடாது.

பல இடங்களில் முதல் ஊதல் (கொம்பு அல்லது விசில் சத்தம்) கேட்டதும், முன்பக்கமாகச் சுடுவதை நிறுத்துவார்கள். கடைசி ஊதல் கேட்டதும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மடக்கித் திறந்தே வைத்திருங்கள்.

அப்புறம், பக்கத்து ஆளுக்கு நேரே வரும் பறவை அவருடையது. சாயங்காலம் கேம்கீப்பர் (வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவர்) ஒரு ஜோடிப் பறவையைத் தருவார். நன்றி சொல்லி, கைகுலுக்கும்போதே டிப்ஸைக் கொடுத்துவிடுங்கள்.