பட்டறைக் கேள்வி–பதில்: மலிவு விலை டூல்ஸில் எதை நம்பலாம்?

கேட், கிரில் வேலை செய்கிறேன். 4 இஞ்ச் கிரைண்டர் வாங்க வேண்டும். ஆன்லைனில் 1,300 ரூபாய்க்கு 850 வாட் மெஷின் கிடைக்கிறது. கடையில் தெரிந்த பிராண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், அதுவும் 670 வாட்தான். எதை வாங்குவது?
– வாசகர், திருப்பூர்

வாட் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். பெட்டியில் போட்டிருப்பது மெஷின் லைனிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வீலுக்கு வந்து சேரும் பலம் அதைவிடக் குறைவு. மீதி சூடாகப் போகிறது. அந்தச் சூட்டை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதில்தான் 1,300 ரூபாய்க்கும் 3,000 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது மோட்டாரின் காயிலில் (கம்பிச் சுற்றில்). செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி, அல்லது அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு போட்ட கம்பி. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அதே இடத்துக்குள் அதே தடிமனில் சுற்றினால் சூடு கூடும், வார்னிஷ் கருகும், ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் பகுதி) போகும். பூச்சுப் போட்ட கம்பியை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கினால் இதைச் செய்யுங்கள். பிளக்கைச் சொருகும் முன் ஸ்பிண்டிலை (வீல் மாட்டும் தண்டை) பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கையில் 'டொக்' என்று ஆட்டம் தட்டுப்பட்டால் அந்த மெஷின் வேண்டாம். கையால் மெதுவாகச் சுற்றும்போது கியர் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் பல் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு வீல் மாட்டாமல் இரண்டு நிமிடம் ஓட்டி, பின்பக்கத் துளை வழியாக கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பிரஷ்ஷுக்கு அடியில் சின்ன நீலப் பொறி இருந்தால் பரவாயில்லை. கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளையை) சுற்றி நெருப்பு வளையம்போல ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள். ஆஃப் செய்ததும் காதை அருகில் கொண்டுபோங்கள். வேகம் குறையும்போது கரகரவென்று இரைந்தால் பேரிங் மட்டம்.

கடைசியாகக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்த மாடலுக்கு ஆர்மேச்சர், பீல்டு காயில், சுவிட்ச் தனியாக உங்களிடம் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அது பல வருடம் ஓட்டக்கூடிய மெஷின். இல்லை என்றால் காயில் கருகும் நாளோடு மெஷினும் முடிந்தது. மலிவு மெஷினுக்கு ஆர்மேச்சர் ரீவைண்டிங் (கம்பியை மாற்றிச் சுற்றும்) கூலி கிட்டத்தட்ட மெஷின் விலையையே தொட்டுவிடும்.

மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கேட்டில் துரு எடுப்பவருக்கு 1,300 ரூபாய் மெஷின் போதும். ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் ஆற விட்டால் காலம் தள்ளும். உங்களுக்கு தினம் வேலை. விலை கூடியதையே வாங்குங்கள்.

மெஷினில் மிச்சம் பிடித்தாலும் வீலில் பிடிக்காதீர்கள். நல்ல வீலில் விளிம்பின் உச்ச வேகம் 80 மீட்டர்/விநாடி என்றும், 4 இஞ்சுக்குச் சுமார் 15,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றும் இருக்கும். நடுவிலுள்ள இரும்பு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். உள்ளே ரெசின் பிணைப்பு இருப்பதால் ஈரத்திலும் நாள்பட்டும் பலம் குறையும். தேதி தாண்டியதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கார்டை (வீலை மூடும் தடுப்பை) கழற்றிவிட்டு 5 இஞ்ச் வீல் மாட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. 5 இஞ்ச் வீலின் உச்ச வேகம் சுமார் 12,200 ஆர்பிஎம். 4 இஞ்ச் மெஷின் ஓடுவதே 11,000, 12,000-ல், உச்சத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். 5 இஞ்ச் வீலின் துளை 22.23 மி.மீ., உங்கள் மெஷினுக்கு வேண்டியது 16 மி.மீ. மையமும் நிற்காது, உடைந்தால் தடுக்கக் கார்டும் இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

'குரோம் வெனேடியம்' என்று பொறித்த ஸ்பேனர் செட் வாங்கினேன். போல்ட் தலை உருண்டுவிடுகிறது. போலியா?
– வாசகர், ஓசூர்

குரோம் வெனேடியம் என்பது ஸ்பேனருக்கு ஏற்ற கலப்பு எஃகு, ஆனால் அந்த எழுத்தைப் பொறிக்கச் செலவே இல்லை. ஆகவே அது சாட்சியும் இல்லை. உங்கள் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பின் ரகத்தைவிட வாயின் அளவுதான். எம்8 (8 மி.மீ. மரை) போல்ட்டின் தலை பெயருக்குத்தான் 13 மி.மீ. உண்மையில் அது 12.73 முதல் 13.00 வரை இருக்க அனுமதி உண்டு. ஸ்பேனரின் வாயை வெர்னியரில் (நுட்பமாக அளக்கும் அளவுகோலில்) அளந்து பாருங்கள். 13.1, 13.2 என்றால் சரி. 13.3-ஐத் தாண்டினால், சின்னத் தலை போல்ட்டில் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி விழும். அப்போது விசை தலையின் பக்கத்தில் உட்காராமல் மூலையில் மட்டும் ஏறும், மூலை மழுங்கும்.

அரத்தை வைத்துச் சோதிப்பது நல்ல வழி, ஆனால் அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல ஸ்பேனரின் கடினம் ராக்வெல் அளவில் 40–45 வாக்கில். அரமோ 60-க்கு மேல். அதனால் நல்ல ஸ்பேனரிலும் அரம் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். கஷ்டப்பட்டுச் சுரண்டினால் லேசாகத் தூள் வரும், அது சரியான பதம். சாதாரண ஆணியைத் தேய்ப்பதுபோல் சுலபமாக வழித்துக்கொண்டு வந்தால் பதம் ஏற்றாத இரும்பு. ஒரே அடியாக வழுக்கினால் அதுவும் நல்லதல்ல, ஓங்கி இழுக்கும்போது உடையலாம்.

வாயின் உள்பக்கத்தைப் பாருங்கள். முலாம் அங்கே செதிலாக எழும்பியிருந்தாலும், ஃபோர்ஜிங் கோடு தேய்க்கப்படாமல் நின்றாலும் மற்ற வேலையும் அவசரத்தில் முடித்ததாகத்தான் இருக்கும்.

24 பீஸ் செட் தேவையே இல்லை. பைக் வேலைக்கு 8, 10, 12, 14, 17. பொது வேலைக்கு 10, 13, 17, 19. புது ரக போல்ட் வரும் மெஷின் என்றால் 16, 18 சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றை மட்டும் நல்ல பிராண்டில் ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஜலந்தர், லூதியானா பட்டறைகளில் அடிக்கும் இந்திய ஸ்பேனர்களில் நியாயமான விலையில் தரமானவை நிறைய இருக்கின்றன. ரிங் ஸ்பேனருக்கு முதலிடம் கொடுங்கள். இறுகிய போல்ட்டில் ஓப்பன் வாயைப் போடவே கூடாது.

ஐடிஐ மாணவன். குறைந்த விலையில் 150 மி.மீ. வெர்னியர் வாங்கினேன். சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேஜ் பிளாக் வாங்க வசதி இல்லை.
– வாசகர், கோவை

கேஜ் பிளாக் (மிகத் துல்லியமான அளவுக் கட்டை) வேண்டாம். கோவையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் 6203 பேரிங் ஒன்று போதும். தெரிந்த கம்பெனியின் புதுப் பேரிங்காக இருக்கட்டும். வெளிவிட்டம் 40 மி.மீ. அதில் 0.011 மி.மீ. மட்டுமே குறையலாம், கூடவே கூடாது. உள்விட்டம் 17 மி.மீ.; குறைய அனுமதி 0.008 மட்டும். உங்கள் வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 என்பதால், வெளிவிட்டம் 40.00 அல்லது ஒரு கோடு குறைவாக 39.98 காட்ட வேண்டும். 39.94, 40.06 என்று வந்தால் அந்த வெர்னியர் லேத் வேலைக்கு உதவாது. பேரிங்கின் அகலம் 12 மி.மீ. என்று புத்தகத்தில் இருக்கும். அதை வைத்துச் சோதிக்காதீர்கள். அகலத்தில் 0.12 மி.மீ. வரை குறைய அனுமதி இருக்கிறது. அதை நம்பிப் பார்த்தால் நல்ல வெர்னியரையும் குறை சொல்லிவிடுவீர்கள்.

அதற்கு முன் தாடையைத் துடைத்து, மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசியக் கூடாது. நுனியில் மட்டும் கசிந்தால் தாடை விரிந்திருக்கிறது. அப்படியே மூடிய நிலையில் வெர்னியரின் பூஜ்யம் மெயின் ஸ்கேலின் பூஜ்யத்தோடும், கடைசிக் கோடு 49 மி.மீ. கோட்டோடும் ஒரே சமயத்தில் பொருந்த வேண்டும். பூஜ்யம் பொருந்திக் கடைசிக் கோடு விலகினால் ஸ்கேலை வெட்டியதே தப்பு. பூஜ்யமும் கடைசிக் கோடும் ஒரே அளவு விலகினால் அது ஜீரோ எரர், கழித்துக் கூட்டிச் சமாளிக்கலாம்.

பேரிங்கை ஒருமுறை தாடையின் அடியிலும் ஒருமுறை நுனியிலும் பிடித்து அளங்கள். இரண்டும் வேறுபட்டால் ஸ்லைடில் ஆட்டம் இருக்கிறது. மேலே இரண்டு சின்னத் திருகுகள் இருந்தால் அவற்றைக் கொஞ்சம் இறுக்கி, ஆட்டம் போய் ஸ்லைடு தடங்கலின்றி நகரும் இடத்தில் நிறுத்துங்கள். மலிவு வெர்னியர்களில் பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடும். உள்விட்டத் தாடையில் 5, 6 மி.மீ. துளையை அளந்தால் அளவு குறைத்தே காட்டும். தாடையின் விளிம்பு தட்டையாக இருப்பதால் வருவது அது. சின்னத் துளைக்கு டிரில் பிட்டின் அடிப்பகுதியைச் சொருகிப் பார்ப்பதே நம்பகம்.

தங்க நிற டிரில் பிட் செட் வாங்கினேன். 10 மி.மீ. பிட் ஒரே இரும்புத் தகட்டில் நீலமாகி மழுங்கிவிட்டது.
– வாசகர், விருதுநகர்

பிட்டைக் குறை சொல்லும் முன் வேகத்தைப் பாருங்கள். மைல்டு ஸ்டீலில் எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு நிமிடத்துக்கு 25–30 மீட்டர் வெட்டு வேகம் போதும். 10 மி.மீ. பிட்டுக்கு அது 800 முதல் 950 ஆர்பிஎம். சாதாரண ஹேண்ட் டிரில் முழு வேகத்தில் 2,600-ஐத் தாண்டும், அதாவது 80 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் எந்த எச்எஸ்எஸ் பிட்டும் கருகும். வேகம் மாற்றும் டிரிக்கர் உள்ள மெஷினில், முதலில் 4 மி.மீ. துளை போட்டு, பிறகு 10 மி.மீ. பிட்டை மெதுவான வேகத்தில் நன்றாக அழுத்தி, எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். அழுத்தாமல் உரசவிட்டால்தான் சூடு ஏறும். எவர்சில்வரில் உரசவிட்டால் துளையின் அடி இன்னும் கெட்டியாகி, அதற்குமேல் பிட் இறங்கவே இறங்காது.

அப்படியும் கருகினால் பிட் எச்எஸ்எஸ் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, கெட்டுப்போன பிட்டின் வெட்டு முனையைக் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். பொறி மங்கிய சிவப்பில், பூவாக வெடிக்காமல் போனால் எச்எஸ்எஸ். பளிச்சென்று மஞ்சள் வெள்ளையாகப் பூப்பூவாய்ச் சிதறினால் வெறும் கார்பன் ஸ்டீல், மரத்துக்கு மட்டும்தான் ஆகும். தங்க நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. உண்மையான டைட்டானியம் நைட்ரைடு பூச்சும் அதே நிறம், வெறும் சாயமும் அதே நிறம்.

வாங்கும்போது கண்ணாடி மேஜையில் உருட்டினால் கோணல் தெரியும். இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளமா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துளை போடும்போது சீவல் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் விளிம்பு சமமில்லை. துளையும் பிட்டைவிடப் பெரிதாகும். எவர்சில்வர் வேலை இருந்தால் எம்35 என்று குறித்த, 5 சதவீதக் கோபால்ட் கலந்த பிட்டை வேண்டிய சைஸில் மட்டும் இரண்டு வாங்கி வையுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டர் போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பேட்டரி, அடாப்டர், ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தாராளமாகப் போதும். மெயின் போர்டில் வைக்க வேண்டாம். அந்த மீட்டர்களின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் 'ஃபியூஸ் இல்லை' என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள். சிவப்பு ஒயர் மறதியாக அந்தத் துளையில் இருக்கும்போது 230 வோல்ட்டில் வைத்தால் நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். போர்டு வேலைக்கு CAT III பாதுகாப்புத் தரத்தில், ஆம்பியர் அளக்கும் இரண்டு ரேஞ்சுக்கும் ஃபியூஸ் உள்ள மீட்டர் வேண்டும். இன்னொன்று: உள்ளே 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் இந்த மலிவு மீட்டர் கூடுதலாகக் காட்டும். புது ஏஏ செல் 1.55–1.6 வோல்ட் காட்ட வேண்டும், 1.8 என்று காட்டினால் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்.

தச்சு வேலை பழகுகிறேன். மூலைமட்டம், உளி இரண்டும் மலிவில் வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டையும் வாங்கலாம். மூலைமட்டத்தை நேரான விளிம்புள்ள பலகையில் வைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். திருப்பிப் போட்டு அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் மட்டத்தின் குற்றம். இந்தச் சோதனையில் தேறிய மலிவு மட்டம் விலை உயர்ந்ததற்குச் சளைத்ததல்ல.

உளியில் முதலில் பார்க்க வேண்டியது தட்டையான பின்பக்கம். கண்ணாடியின் மேல் எமரி பேப்பர் ஒட்டி நாலு இழுப்பு இழுங்கள். வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் முழுக்கப் பளபளத்தால் போதும், மேலே குழிந்திருந்தால் கவலை இல்லை. நுனியே தொடாமல் நின்றால், அதைச் சமப்படுத்த ஒரு நாள் போகும். புது உளி முதல் வேலையிலேயே வாய் மடங்கினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பதம் ஏற்றும் சூட்டில் வெளிப்பரப்பில் கார்பன் குறைந்து நுனி மென்மையாகியிருக்கும். இரண்டு மூன்று மி.மீ. சாணை பிடித்து எடுத்தால் உள்ளே நல்ல இரும்பு வரும். சாணையில் நிறம் மாறவிடாமல் அடிக்கடி தண்ணீரில் தொட்டு எடுங்கள். 25 டிகிரியில் பிடித்து, நுனியில் மட்டும் கல்லில் 30 டிகிரி. அதற்குப் பிறகும் மடங்கினால்தான் அந்த உளி தேறாது.